தணிக்கையாளர் சாப்பிடுகிறார்

ஓய்வு பெற்ற ஒருவன் மனைவியோடு மத்தியானம் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதில் தோற்றுப்போக என்ன இருக்கிறது? பசி இருக்கிறது, நேரம் இருக்கிறது, மாதம் முடிந்தால் பென்ஷன் இருக்கிறது, சென்னையில் தெருவுக்குத் தெரு ஓட்டல் இருக்கிறது. இத்தனையும் இருந்து தோற்க வேண்டுமானால் அதற்குத் தனித்திறமை வேண்டும். அது எனக்கு இருக்கிறது என்பது 60 வயதுக்கு மேல்தான் தெரிய வந்தது.

நான் அரசுத் தணிக்கையில் வேலை பார்த்தவன். ஊரார் செய்த செலவில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன். 58 வயதில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய என்னைத் தமிழ்நாடு அரசு 2020இல் 59 வரைக்கும், 2021இல் 60 வரைக்கும் பிடித்து வைத்துக்கொண்டது. என் பிரிவு உபசாரத்துக்கென்று அலுவலகத்தில் வசூலித்த பணம் அதற்குள் யார் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ மொய்யாகப் போய்விட்டது. கடைசியில் ஒருவழியாகச் சால்வை போர்த்தி அனுப்பினார்கள். இனிமேல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று மேடையில் கேட்டார்கள். "வீட்டுக்காரியோட நிதானமா வெளியே போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிடப் போறேன்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி மட்டும் தட்டவில்லை. அவளுக்கு என்னைத் தெரியும்.

அந்த ஆசைக்கு ஒரு பூர்வ கதை உண்டு. வேலையில் இருந்த காலம் முழுக்க முகாம் முகாமாக ஊர் சுற்றியவன் நான். மாயவரத்துக்குப் போயிருக்கிறேன், காளியாகுடி ஓட்டலில் கால் வைத்ததில்லை. மதுரையில் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறேன். கறிதோசையைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி. திண்டுக்கல்லில் சீரகச் சம்பா பிரியாணி, விருதுநகரில் எண்ணெய்ப் புரோட்டா, செங்கோட்டைப் பக்கம் பார்டர் புரோட்டா என்று ஊருக்கு ஒரு பேர் இருந்தது. எல்லா ஊருக்கும் போனேன். எல்லா ஊரிலும் பதிவேடுகளைத் தள்ளி வைத்துவிட்டுத் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். தணிக்கைக்குப் போன இடத்தில் அவர்கள் வாங்கித் தரும் சாப்பாட்டைத் தொடக்கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். காப்பிக்கு அது பொருந்தாது என்று நானே ஒரு விலக்கும் அளித்துக்கொண்டேன். ஆக, தவறவிட்ட அத்தனை மத்தியானச் சாப்பாடும் எனக்கு வரவேண்டிய நிலுவை என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வுக்காலத்தில் அதை வசூலித்துவிடுவது என்று புறப்பட்டேன்.

முதல் சறுக்கல் ஓட்டலுக்குப் போய்ச் சேரும் முன்பே நடந்தது. சென்னையில் 60 வயது தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து டோக்கன் இலவசம். 2016இல் வந்த திட்டம். ஏ.சி. வண்டி தவிர மற்றதில் செல்லும். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண வண்டியில், அதாவது வெள்ளை போர்டு பஸ்ஸில், டிக்கெட்டே கிடையாது. கவனியுங்கள்: என் டோக்கன் டீலக்ஸிலும் செல்லும், அவளுடைய இலவசம் வெள்ளை போர்டில் மட்டும்தான் செல்லும். டீலக்ஸில் ஏறினால் அவளுக்குக் காசு கொடுக்க வேண்டும். கோடம்பாக்கத்தில் 12பி பஸ்ஸுக்கு நின்றோம். முதலில் வந்தது டீலக்ஸ். விட்டேன். அடுத்ததும் டீலக்ஸ். அதையும் விட்டேன். "டிக்கெட் நான் எடுக்கறேங்க, ஏறுங்க" என்றாள். பிரச்சினை பணமில்லை, கொள்கை என்று விளக்கினேன். முன்பக்கம் இளஞ்சிவப்பு அடித்த வெள்ளை போர்டு வண்டி ஒருவழியாக வந்து, நாங்கள் மயிலாப்பூரில் இறங்கி, நான் நோட்டில் குறித்து வைத்திருந்த மெஸ்ஸைத் தேடிப் பிடித்தபோது, வாசலில் 'சாப்பாடு முடிந்தது' என்ற பலகையை ஒரு பையன் மாட்டிக்கொண்டிருந்தான்.

அப்போதாவது விட்டிருக்கலாம். "பக்கத்துல ராயர் மெஸ் சாயங்கால டிபனுக்குத் திறக்கற நேரம்தான். அங்க போயிடலாமே" என்று அவள் நல்ல யோசனை சொன்னாள். மயிலாப்பூரில் பிறந்தவர்கள் வெளியூரில் இருந்தால் கனவு காணும் கடை அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? மதியச் சாப்பாடு என்ற தலைப்பில் ஒதுக்கிய பணத்தை டிபன் என்ற தலைப்பில் செலவழிக்க முடியாது என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பசியோடு கோயில் குளத்தைச் சுற்றி வந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு பேர் பாயசத்தோடு சாப்பிட்டிருக்கலாம். அவள் வந்ததும் வராததுமாக ரசம் வைத்து அப்பளம் பொரித்தாள். வெளியே சாப்பிடப் போன அன்றைக்கும் அவள்தான் சமைத்தாள்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீள நோட்டு, பத்தி பத்தியாகக் கோடு போட்டது. ஓட்டல் பேர், பேட்டை, பஸ், சாப்பாட்டு நேரம், யார் சொன்னது, குறிப்பு. முதல் பக்கத்தில் முதல் பேர் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். கதீட்ரல் சாலையில் 1962இல் ஆரம்பித்த இடம். மரத்தடியில் காரை நிறுத்தினால் வண்டிக்கே தட்டு வரும். 2008இல் மூடிவிட்டார்கள், 2010இல் அங்கே செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். மூடிய கடையை எதற்கு எழுதினீர்கள் என்று கேட்டாள். ஒரு மரியாதைக்கு என்றேன். "இருக்கற கடைக்கு நேரத்தோட கூட்டிட்டுப் போக மாட்டீங்க, இல்லாத கடைன்னா கண்ணுல தண்ணி விடுவீங்க" என்றாள்.

அதோடு நிற்கவில்லை. எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் முதல் வாய் வைத்ததும், "உட்லண்ட்ஸ் சாம்பார் மாதிரி வராது" என்பேன். கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள், "அங்க சாம்பார் எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டாள். யோசித்தேன். நெடுநேரம் யோசித்தேன். அங்கே நான் குடித்ததெல்லாம் நண்பர் செலவில் காப்பிதான். சாம்பாரைத் தொட்டதே இல்லை. தொடாத சாம்பாரை அளவுகோலாக வைத்து சென்னையின் பாதி ஓட்டல்களை ஃபெயில் போட்டிருந்தேன்.

இனி இலைக்கு வருவோம். முழுச் சாப்பாட்டில் என் தோல்வி மிக முழுமையானது. 'அன்லிமிடெட்' என்று எழுதியிருந்தால் எனக்குள் யாரோ நிமிர்ந்து உட்காருகிறார். பருப்பும் நெய்யும் வரும். சாம்பார் வரும். 'கொடுத்த காசுக்கு இன்னொரு தடவை' என்று சாம்பார் சாதத்தையே மறுபடி போட்டுக்கொள்வேன். எதிரே இவள் ஒரு கரண்டி சாம்பார் சாதம், ஒரு கை வத்தக்குழம்பு சாதம், நிதானமாக ரசம், அப்புறம் மோர் என்று போய்க்கொண்டிருப்பாள். நான் வத்தக்குழம்புக்கு வரும்போதே மூச்சு வாங்கும். ரசம் வரும்போது கையைக் குறுக்கே நீட்டி மறிப்பேன். பாயசத்தை வெறுமனே பார்ப்பேன். நம்முடைய சாப்பாட்டில் வரிசை வைத்தவன் முட்டாள் இல்லை. முதலில் கனமானது, பிறகு புளிப்பு, பிறகு தெளிவானது, கடைசியில் குளிர்ச்சி. ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டு உட்காருபவனுக்குத்தான் அந்த வரிசை. நான் முதல் நிறுத்தத்திலேயே மொத்த டிக்கெட்டையும் தீர்த்துவிடுகிறவன்.

இதற்கு மாற்று ஏற்பாடாக, ஒரு முழுச் சாப்பாடு வாங்கி இரண்டு பேரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒரு திட்டம் போட்டேன். வயதானவர்கள் எவ்வளவு சாப்பிட்டுவிடப் போகிறோம்? சர்வரிடம் சொல்லிவிட்டு, ஓர் இலையை எடுத்து இரண்டாகக் கிழிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் என் தலைக்கு மேலே கையைக் காட்டினார். 'ஒரு சாப்பாட்டை இருவர் பகிர்ந்து சாப்பிட அனுமதி இல்லை.' பக்கத்து மேஜைக் கல்லூரிப் பிள்ளைகள் நாகரிகமாகச் சிரிப்பை அடக்கினார்கள். ஆயுள் முழுக்க விதி எண் சொல்லியே அடுத்தவரை மடக்கியவனை, சிவப்புப் பெயின்ட்டில் எழுதிய ஒற்றை வரி மடக்கியது. இரண்டு சாப்பாடு வாங்கினோம். கிழிந்த இலையில் நான் சாப்பிட்டேன்.

காது வேறு. வீட்டில் நன்றாகக் கேட்கிறது. ஓட்டலில், தட்டுச் சத்தமும் மிக்ஸிச் சத்தமும் பேச்சும் கலந்தால் எதிரே இருப்பவர் வாயசைவதுதான் தெரிகிறது. சில ஓட்டல்களில் மெனு அட்டை கிடையாது. சர்வர் நின்ற நிலையில் ஒப்பிப்பார். சாம்பார் சாதம், தயிர் சாதம், பிசிபேளாபாத், வாங்கிபாத் என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் எங்கோ போய் முடியும். திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்குக் கௌரவம் இடம் தராது. அதனால் கடைசியாகக் காதில் விழுந்ததையே, அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தவன் மாதிரி, "அதையே கொண்டாங்க" என்பேன். இப்படித்தான் கடைவாய்ப் பல் இல்லாத நான் ஒரு மதியம் முழுக்க பேபி கார்ன் மஞ்சூரியனோடு போராடினேன். என் மனைவிக்கு இந்த வெட்கமெல்லாம் கிடையாது. "தம்பி, மெதுவா ஒருதரம் சொல்லுப்பா" என்றாள். அந்தத் தம்பியும் மெதுவாகச் சொன்னான். வாங்கிபாத்தை எனக்கு எதிரே உட்கார்ந்து, கத்திரிக்காயை ஒவ்வொன்றாக ரசித்துச் சாப்பிட்டாள்.

இப்போது என் சிறப்புத் துறைக்கு வருகிறேன்: பில். ஓட்டலுக்கு நான் சாப்பிடப் போகிறேனா, பில் பார்க்கப் போகிறேனா என்று அவளுக்கு நெடுநாளாகச் சந்தேகம். சாதாரண ஓட்டல் சாப்பாட்டுக்கு 2017 நவம்பரிலிருந்து ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதை மாநிலத்துக்கு இரண்டரை, மத்திய அரசுக்கு இரண்டரை என்று பிரித்துப் போடுவார்கள். சர்வீஸ் சார்ஜ் என்பது வேறு. அதை ஓட்டல்காரர்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. இந்தச் சேதி வந்த பேப்பரைக் கத்தரித்து மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, என்றாவது ஒருநாள் யாராவது மாட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

ஒருநாள் மாட்டினார்கள். அப்படித்தான் நினைத்தேன். நடுத்தரமான ஓட்டல், கல்லாவில் சின்னப் பெண். பில்லில் எஸ்ஸில் ஆரம்பிக்கும் ஒரு வரி, எதிரே ஒரு தொகை. பர்ஸைத் திறந்தேன். ஆணையம், ஆண்டு, நீதிமன்றம் எல்லாம் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். பின்னால் கைகழுவிவிட்டு வந்தவர்கள் வரிசையாக நின்று கேட்டார்கள். ஒருவர் 'கரெக்ட் சார்' என்றுகூடச் சொன்னார். அந்தப் பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பில்லை என் பக்கமாகத் திருப்பி, அந்த வரியின்மேல் விரலை வைத்து, "சார், இது எஸ்.ஜி.எஸ்.டி." என்றாள். மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. 'கரெக்ட் சார்' என்றவர் அதற்குள் பீடாக் கடைக்குப் போய்விட்டார். என் மனைவி தெருவில், வேறு யாருடனோ வந்தவள் போல, எதிர்ச் சுவர் சினிமா போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்ட பிறகு வருவது தூக்கம். வயிறு நிறையச் சாப்பிட்டால் வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும், சட்டென்று எழுந்து நடக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் எழுந்து நடப்பதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து தூங்குவேன். ஒருமுறை திரும்பி வரும்போது அவள் பெண்கள் பக்கம் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். கோடம்பாக்கம் வந்ததும் அவள் முன்வழியாக இறங்கிவிட்டாள்; நான் பின்வழியாக இறங்கியிருப்பேன் என்று நினைத்திருக்கிறாள். நான் வடபழனி போய்ச் சேர்ந்தேன். கண்டக்டர் தோளைத் தட்டி, "பெரியவரே, வண்டி இதுக்கு மேல போகாது" என்றபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்து, முருகன் கோயிலுக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பொய் நிற்க வேண்டுமே என்று உண்மையாகவே கோயிலுக்கும் போனேன். நடை சாத்தியிருந்தது.

எனக்குச் சர்க்கரை உண்டு. அதனால் பரிசோதனை நாளை அனுசரித்துச் சாப்பாட்டு நாளை வைத்துக்கொள்வது என்று ஒரு தந்திரம் செய்தேன். ரத்தம் கொடுப்பதற்கு நாலு நாள் முன்பிருந்து கோதுமை ரவை, கீரை, நடை. வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட ஆரம்பித்த நேரத்திலிருந்து இரண்டு மணி கழித்து ஒரு ரத்தம். இரண்டும் பிரமாதமாக வரும். கொடுத்த கையோடு நேராக ஓட்டல். மார்ச் மாதம் வரப்போகும் தணிக்கைக்கு பிப்ரவரியில் பதிவேடு எழுதியவர்களை என் சர்வீஸில் எத்தனை பேரைப் பிடித்திருப்பேன்! அதே வேலையை நானே செய்தேன். டாக்டர் புதிதாக ஒரு பரிசோதனை எழுதினார். ஹெச்பிஏ1சி என்று பேர். ரத்தத்தின் சிவப்பணு 120 நாள்போல உயிரோடு இருக்குமாம்; அத்தனை நாளில் அதன்மேல் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த மூன்று மாதக் கணக்கும் தெரிந்துவிடுமாம். முன்னறிவிப்பில்லாமல் வந்து பழைய வவுச்சரையெல்லாம் புரட்டிப் பார்க்கும் அதிகாரி மாதிரி ஓர் ஆள் என் ரத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். "பாயசம் சாப்பிட மாட்டார் டாக்டர், அதுக்குள்ள வயிறு நிறைஞ்சுடும்" என்று அவள் எனக்காகச் சாட்சி சொன்னாள்.

சிக்கனத்திலும் தோற்றேன் என்பதைச் சொல்லாவிட்டால் இந்தப் பட்டியல் முழுமை பெறாது. செலவு செலவென்று நான் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் அவள் என்னை அம்மா உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சென்னை மாநகராட்சி 2013இல் ஆரம்பித்த இடம். சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். எனக்கு உள்ளே நுழையக் கூச்சம். அரசு அதிகாரியாக இருந்தவன், பென்ஷன் வாங்குகிறவன், யாராவது பார்த்தால்? கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிற பாவனையில் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அவள் டோக்கன் வாங்கி, இரண்டு தட்டையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு வந்து, நின்றுகொண்டே சாப்பிடும் மேஜையில் வைத்தாள். கட்டடத் தொழிலாளி ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். தொப்பி போட்ட ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த முதுகை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்தேன். முதுகு திரும்பியது. எனக்கு மேலதிகாரியாக இருந்தவர்.

இருவரும் மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தோம். "சும்மா, எப்படி நடத்தறாங்கன்னு பார்க்கலாம்னு வந்தேன்" என்றார். "நானும் அதுக்குத்தான் சார்" என்றேன். "நல்லா நடத்தறாங்க." "ஆமா சார், சுத்தமா இருக்கு." ஆய்வு முடிந்தது. அவர் தட்டை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். தயிர் சாதம் பாதியில் இருந்தது. என் மனைவி கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டாள். "பதினாறு ரூபாய்ல ரெண்டு பேருக்கும் வயிறு நிறைஞ்சிடுச்சு. இதுக்கு எதுக்கு ரெண்டு பெரிய மனுஷங்க திருடன் மாதிரி முழிச்சீங்க?" என்று வெளியே வந்ததும் கேட்டாள். தணிக்கை செய்யப் போன இடத்தில் பதில் சொல்ல முடியாத ஒரே தணிக்கைத் தடையை எனக்கே ஒருவர் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

இதற்கெல்லாம் பிறகு ஒருநாள் அவள் என்னிடம் சொல்லிக்கொண்டு, என்னைச் சேர்க்காமல், பக்கத்துக் குடியிருப்புப் பெண்களோடு வெளியே சாப்பிடப் போனாள். நோட்டு இல்லை. பேப்பர் கத்தரிப்பு இல்லை. முதலில் வந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள். திருவல்லிக்கேணியில் ரத்னா கபே வாசலில் இறங்கியபோது ஒருத்திக்குச் சாம்பார் இட்லி ஞாபகம் வந்திருக்கிறது. 1948இலிருந்து இருக்கும் கடை. இட்லி முழுகச் சாம்பார் ஊற்றுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கென்று போனவர்கள் இட்லி சாப்பிட்டுவிட்டு, பார்த்தசாரதி கோயில் பக்கம் நடந்து, எங்கேயோ திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு, இருட்டும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன். "யாரோ குடுத்தாங்க" என்றாள். மொத்தத் தொகை தெரியாது, பங்கு பிரிக்கவில்லை, பில் கைவசம் இல்லை. முகம் மட்டும் நன்றாக இருந்தது. என்னோடு போன எந்த மதியத்திலும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

வேலைக்குப் போன நாளில் தவறவிட்ட சாப்பாட்டை வசூலிக்கப் புறப்பட்டவன் நான். அவளுக்கு என்ன நிலுவை என்று ஒருநாளும் கேட்கவில்லை. அன்று ராத்திரி கேட்டேன்: ஓட்டலில் உனக்கு என்னதான் பிடிக்கும்? பெரிதாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "நான் உட்கார்ந்த இடத்துக்கு ரசம் வருதுங்க. ஊத்திட்டு, போதுமான்னு கேட்கறாங்க. அதுதான் பிடிக்கும். ரசம் எப்படி இருந்தா என்ன?" என்றாள். அப்படியானால் தெருமுனைக் கடையே போதும். அதற்கு உட்லண்ட்ஸ் தேவையில்லை, மாயவரம் தேவையில்லை, நீள நோட்டு தேவையே இல்லை. அது கூடாது இது கூடாது என்று நான் செலவைக் குறைத்த மதியங்களில் எல்லாம் அவளுக்குக் கிடைக்க வேண்டிய அந்த ஒன்று கிடைக்காமலே போயிருக்கிறது. ஒருநாள் பஸ்ஸை விட்டதால். ஒருநாள் நான் கல்லாவில் சண்டை போட்டதால். எளிமையான காரியம் என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். அதை எளிமையாக விடத் தெரியவில்லை.

அதன் பிறகு மறுபடி சேர்ந்து போகலாம் என்று அவளிடம் விண்ணப்பம் போட்டேன். நிபந்தனைகள் விதித்தாள். இடம் அவள் சொல்வது. பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட வேண்டும். கூட்டம் சேர்வதற்குள் உட்கார வேண்டும். எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏற வேண்டும். எனக்கு அளவுச் சாப்பாடு. முழுச் சாப்பாடு அவளுக்குத்தான், ஏனென்றால் அதைச் சாப்பிடத் தெரிந்தவள் அவள். சாம்பார் ஒருதரம். கண்ணாடி மூக்கில் இருக்க வேண்டும், பில்லைப் படிப்பதற்கு அல்ல, மீன் முள் இருந்தால் பார்ப்பதற்கு. பில்லை வாங்கிக் கொடுப்பது அவள். கல்லாவில் நான் வாயைத் திறக்கக்கூடாது. அரசு வேலையில் சேருகிறவனுக்கு, தொடர்ந்து மூன்று வருஷத்துக்குள் இரண்டு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தால் தகுதிகாண் பருவம் முடிந்ததாக உத்தரவு போடுவார்கள். எனக்கும் அதே முறைதான் என்று சொல்லிவிட்டாள்.

ஓரளவு ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் சின்ன மெஸ்; நாலு மேஜை; அம்மாவும் மகனும் நடத்துகிறார்கள். ரசத்தில் பூண்டைத் தட்டிப் போட்டிருந்தார்கள். நான் ரசம் வரைக்கும் வந்து சேர்ந்தேன் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். மோரும் குடித்தேன். அவள் பணம் கொடுக்க நின்றாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பையன் துண்டுச்சீட்டில் எழுதிக் கூட்டினான். தலைகீழாகப் பார்த்தாலும் எனக்குக் கூட்டல் ஓடிவிடும், அது வியாதி. அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு, ஆம்லெட். நாங்கள் சாப்பிட்ட மீன் வறுவலைக் காணோம்.

வாயை மூடிக்கொண்டு வெளியே வந்திருந்தால் எங்களுக்கு லாபம், எனக்கு நன்னடத்தை. உதட்டைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. "தம்பி, மீனை விட்டுட்டே" என்றேன். பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு சீட்டில் சேர்த்தான். அவனுடைய அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "நீங்க சொல்லலேன்னா தெரிஞ்சே இருக்காதுங்கய்யா" என்றார். நான் கண்டுபிடித்த தணிக்கைத் தடைகளில் என் பையிலிருந்து பணம் போன முதல் தடை இதுதான். பாராட்டு வரும் என்று மனைவியைப் பார்த்தேன்.

"மீனுக்குக் காசு குடுத்தது சரி" என்றாள். "ஆனா கல்லாவுல பேசக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறதா என்று கேட்டேன். அதற்கும் அவளிடமே மனு போட வேண்டுமாம்.